எருமை மேல் பனி

எங்கள் ஊருக்கு எருமையின் பெயர்.
ஏரியிலிருந்து கிளம்பும் பனி
ஒரே இரவில் மூன்றடி கொட்டும்.
எருமை அசையாது.

மணி மூன்றே முக்கால்.
பனி வாரும் லாரிகள் வெளியே உறும
டிப்போ ஹீட்டரைச் சுற்றி நின்று
நேற்றைய ஹாக்கித் தோல்வியைப் பிரித்து மேய்கிறார்கள்.
ஐந்துக்கு ஒன்று. அதுவும் சொந்த அரங்கில்.
அந்த ஒன்றுகூட
எதிராளியின் மட்டையில் பட்டுத்
தானாக உள்ளே போனது.

"கோலியை மாற்றணும்" என்கிறாள் நெரைடா.
"போன வருஷம் மாற்றினோமே,
ஆள் மாறினான், ஓட்டை மாறலை."
ஓர்வில் காப்பியை ஊதுகிறான்.
அடிமேல் அடி வாங்கியும்
அங்குலம் நகராத அம்மி இந்த அணி.

எ டோ மூ மட்டும் விரல் விடுகிறான்.
தாய்லாந்து எல்லை முகாமில் பிறந்து
பதினோரு வயதில் முதல் பனியைத் தொட்டவன்.
"இன்னும் முப்பத்தெட்டு ஆட்டம் இருக்கு.
இருபத்து நாலில் ஜெயித்தால்..."
சிரிப்பில் ஹீட்டரே அதிர்கிறது.
"தம்பி, கணக்குப் போடுகிறவனுக்குத்தான்
முதலில் நெஞ்சு வலிக்கும்."

பேச்சு கால்பந்துக்குத் தாவுகிறது,
தாவாமல் இருந்ததில்லை.
தொடர்ந்து நான்கு வருடம் இறுதிப் போட்டி,
நான்கும் கை நழுவியது.
முதலாவது, கம்பத்துக்கு வலப்புறம் விலகிய
ஒரே ஓர் உதையில்.
அன்றிலிருந்து ஓர்வில்லின் அப்பா
கார் வலப்பக்கம் திரும்பும்போதெல்லாம்
ஒரு கெட்ட வார்த்தை சொல்வாராம்.
சாகும்வரை சொன்னாராம்.

"எல்லாம் பயிற்சியாளனால் வந்தது.
அவன் ஒரு மரமண்டை!"
லெஷெக்கின் குரல்தான் எப்போதும் உரக்க.

"நீ பேசாதே" என்றாள் நெரைடா.
"நீ விற்றவன்."

ஹீட்டர் மட்டும் இரைந்தது.

அக்டோபரில் விற்றான்.
மேல்தளம், ஏழாம் வரிசை, ஒன்பதும் பத்தும்.
இருபத்தாறு வருட சீசன் டிக்கெட்.
வாங்கியவர் ஒரு பல் டாக்டர்.
பணம் வீட்டுக் கொதிகலனுக்குப் போனது.

"டிக்கெட்டைத்தானே விற்றான், நாக்கையா விற்றான்?"
ஓர்வில் வக்காலத்து.
"விவாகரத்து வாங்கினவன்
மாமியாரைக் குறை சொல்லலாமா?"
"அப்போதுதானே நிம்மதியாகச் சொல்ல முடியும்!"

லெஷெக் சிரிக்கவில்லை.
போனை எடுத்தான்.
ஒவ்வோர் ஆட்டத்துக்கும் டாக்டர் ஒரு படம் அனுப்புகிறாராம்,
'உங்கள் இடத்திலிருந்து' என்று.
எங்களுக்கு இதுவரை சொன்னதில்லை.

கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
இரண்டு விரலால் படத்தை விரித்தான்.
"பாருங்க, இடப்பக்கத் தடுப்பாட்டக்காரன் எங்கே நிற்கிறான்?
பத்தடி பின்னால்.
அப்புறம் ஐந்து விழாமல் என்ன செய்யும்?"
நான்கு தலைகள் ஒரு திரைமேல் குனிந்தன.
நெரைடாவின் தலையும்தான்.

இன்னும் விரித்தான்.
படத்தின் ஓரத்தில் ஒரு கைப்பிடி,
அதன் உடைந்த நுனியில் நீல டேப், மூன்று சுற்று.
"நான் ஒட்டினது" என்றான்.
"பிய்த்துப் போடவில்லை."

எனக்கு வேலை ரேடியோவில்.
தெருக்களைப் பங்கு வைத்தேன்.
இன்றிரவும் ஆட்டம் உண்டு,
அரங்குச் சாலை யாருக்கென்று கேட்கவில்லை.
லெஷெக் சாவியோடு ஏற்கெனவே வாசலில்.

ஐந்து பத்துக்கு அவன் குரல் கரகரத்தது.
"கட்டுப்பாட்டு அறை, ஒரு விஷயம்."
விபத்தோ என்று பேனாவை எடுத்தேன்.

"அந்தப் பையன்...
முப்பத்தெட்டில் எத்தனை என்றான்?"

"இருபத்து நாலு."

பதில் வரவில்லை.
பொத்தானை விட மறந்திருந்தான்.
இரும்புக் கத்தி தார்ச்சாலையைச் சுரண்டும் ஓசை
வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது.